ஏவிஸ் எழுந்து நின்ற நாள்

வெள்ளைக்காரர்களிடம் உட்காருவதற்கு இருப்பது ஒரே ஒரு சொல். அதை அவர்கள் படுத்துகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. பரீட்சை எழுதினால் பரீட்சைக்கு உட்கார்ந்தேன் என்பார்கள். நீதிமன்றம் உட்காரும், பாராளுமன்றம் உட்காரும், கோழி முட்டைமேல் உட்காரும், புதுக் கோட்டு தோளில் உட்காரும், தின்ற பன்றிக்கறி வயிற்றில் போய் உட்காரும். ஓவியனுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டிருப்பதும் உட்காருவதுதான். அடுத்த வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்வதும், சாகக் கிடப்பவர் பக்கத்தில் துணையிருப்பதும்கூட உட்காருவதுதான். அவ்வளவு பெரிய சாம்ராஜ்யத்தைக் கட்டி ஆண்டவர்களுக்கு இன்னொரு சொல் வாங்கக் காசில்லாமலா போயிற்று என்று கேட்கத் தோன்றும். ஓக்டன் ஊரில் கேட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள். யார்க்‌ஷயர்க்காரர்களுக்குச் சிரிப்பு வந்தாலும் வாயோரத்தோடு நின்றுவிடும்.

ஏவிஸ் ஹோல்ராய்டின் வாழ்க்கையைச் சொல்ல அந்த ஒரு சொல் போதும். அதனால்தான் இவ்வளவு நீட்டி முழக்க வேண்டியிருக்கிறது.

அவள் அப்பா கம்பளி ஆலையில் சாயம் போடுகிறவர். அம்மாவுக்கு நெஞ்சு பலவீனம். பதினோரு வயதில் ஏவிஸ் உயர்நிலைப் பள்ளிக்கான உதவித்தொகைப் பரீட்சைக்கு உட்கார வேண்டியிருந்தது. அன்று காலை அம்மாவுக்கு மூச்சு அடைத்துக்கொண்டது. அப்பா ஆலையில். வேறு யார் இருக்கிறார்கள்? ஏவிஸ் தலை வாரி, ரிப்பன் கட்டி, பென்சில் சீவி வைத்திருந்தவள், அப்படியே கட்டில் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் அம்மா எழுந்து டீ கேட்டாள். "இன்னிக்கு என்னவோ பரீட்சைன்னியே?" என்றும் கேட்டாள். பரீட்சை அந்த ஒரு நாள்தான். பதினாலு வயதில் ஏவிஸ் ஆலைக்குப் போனாள்.

ஆலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் ஊருக்கு உட்கார்ந்தாள். பிள்ளை பெற்றவள் வீட்டில் மூத்த குழந்தையோடு, சுரங்கத்தில் அடிபட்டவனோடு, கிழவிகளோடு. "ஏவிஸ் நல்லா உட்காருவா" என்பார்கள். அங்கே அது பெரிய பாராட்டு. தொணதொணக்க மாட்டாள், பீரோவைத் திறந்து பார்க்க மாட்டாள், ஆறுதல் சொல்கிறேன் என்று நோயாளியின் உயிரை வாங்க மாட்டாள். கையில் பின்னல் ஊசியோடு ஒரு ஓரமாக இருப்பாள். இருக்கிறாள் என்பதே பாதி நேரம் மறந்துவிடும். மறந்துவிடுவது அவர்களுக்கு வசதியாகவும் இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழு, அந்தப் பாழாய்ப்போன பனிக்காலம். வாசல் கதவைத் திறக்க முடியாத அளவுக்குப் பனி. மியூரியல் ஆட்கின் என்கிற பக்கத்துத் தெருக்காரி மண்வெட்டியும் கையுமாக வந்து நின்றாள். மியூரியலுக்கு ஊர்க்காரியம் எல்லாம் தன் காரியம். நல்ல மனசு. அந்த மனசை நாலு பேர் தலையில் கட்டாமல் அவளுக்குத் தூக்கம் வராது.

"ஏவிஸ், கண்ணு, மேட்டுத் தெரு லத்தீன் டீச்சர் இருக்காங்கல்ல, மிஸ் மார்ஸ்டன். நிமோனியாவாம். ஒரு நாதி இல்ல. பதினஞ்சு நாள் போய் உக்காருறியா?"

"பதினஞ்சு நாள்தானே? சரி."

"கொஞ்சம் சிடுசிடுன்னு இருப்பாங்க."

"சீக்காளிங்க எல்லாருமே அப்படித்தான்."

கான்ஸ்டன்ஸ் மார்ஸ்டன் மூன்றாம் நாள்தான் கண்ணைத் திறந்து சரியாகப் பார்த்தாள். முப்பத்துநாலு வயது, நீள மூக்கு, காய்ச்சலிலும் பள்ளிக்கூடத்துக் குரல்.

"நீ யாரு?"

"உக்கார வந்திருக்கேன், மிஸ்."

"உக்காந்து?"

"உக்காந்துதான் இருப்பேன்."

"அதுக்குக் காசு வேறயா?"

"பேசணும்னா தனிக் காசு ஆகும்."

கான்ஸ்டன்ஸுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கும்வரை ஏவிஸ் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பதினைந்து நாள் முடிந்தது. பனி உருகவில்லை என்று இன்னொரு வாரம் இருந்தாள். பனி உருகியதும் கணப்பு அடுப்புப் புகைபோக்கியைச் சுத்தம் செய்ய ஆள் வர வேண்டும் என்று இருந்தாள். பிறகு காரணம் தேடுவதை இரண்டு பேருமே விட்டுவிட்டார்கள். ஏவிஸ் அந்த வீட்டில் முப்பத்தேழு வருஷம் இருந்தாள்.

ஊருக்கு அவள் "மிஸ் மார்ஸ்டன் வீட்டு ஏவிஸ்." அதற்குமேல் ஊர் கேட்கவில்லை. இவர்களும் சொல்லவில்லை. கான்ஸ்டன்ஸ் பெண்கள் பள்ளிக்குத் தலைமையாசிரியை ஆனாள். பிறகு வியாழக்கிழமைகளில் நீதிமன்றத்தில் கௌரவ நீதிபதியாக உட்கார்ந்தாள். குடித்துவிட்டு விழுந்து கிடந்தவனைத் திட்டி அனுப்புவாள், பெண்டாட்டியை அடித்தவனை உள்ளே அனுப்புவாள். அப்படிப்பட்டவளைப் பற்றி ஒரு பேச்சு கிளம்பினால் போதும், பள்ளிக்கூடமும் போகும், நாற்காலியும் போகும். ஆகவே விடுமுறைக்குத் தெற்கிலிருந்து தம்பி மகன் நைஜல் வரும்போதெல்லாம் ஏவிஸ் தன் இரவு உடையை எடுத்துக்கொண்டு பின்பக்கத்துச் சின்ன அறைக்குப் போய்விடுவாள். அந்தப் பையன் அவளைப் பார்த்ததெல்லாம் சமையல் ஏப்ரன் கட்டிக்கொண்டு, கையில் தட்டோடு. அவனுக்கு வேறெப்படித் தெரியும்?

பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றபோது அங்கே மண்டபத்தில் மாட்ட கான்ஸ்டன்ஸின் படம் வரைய ஆள் அனுப்பினார்கள். முன்னறையில் ஜன்னல் பக்கம் அவள் உட்கார்ந்தாள். ஏவிஸ் கணப்புக்கு நிலக்கரி போட்டுக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் நகர்ந்துக்கறீங்களா, அவங்க முகத்துல உங்க நிழல் விழுது" என்றான் ஓவியன். ஏவிஸ் நகர்ந்துகொண்டாள். கான்ஸ்டன்ஸ் அன்று ராத்திரி அந்த ஓவியனைக் கண்டபடி திட்டினாள். அவன் முன்னால் வாயைத் திறக்கவில்லை.

கான்ஸ்டன்ஸ் குவேக்கர். அந்தச் சபைக்காரர்கள் தங்களை நண்பர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். பாதிரி கிடையாது, பாட்டு கிடையாது, சிலுவை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கூட்ட வீட்டில் பழைய பெஞ்சுகளில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். யாருக்காவது உள்ளிருந்து சொல் வந்தால் எழுந்து நின்று சொல்லிவிட்டு உட்காரலாம். மூப்பர்கள் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் கை குலுக்கினால் கூட்டம் முடிந்தது. அதற்குமேல் அறிவிப்பும் டீயும்தான்.

"சும்மா உக்காரணுமா? அது எனக்குக் கை வந்த வேலையாச்சே" என்று ஏவிஸும் கூடப் போனாள். போன இரண்டாம் ஞாயிறே, அதே சபைக்காரியான மியூரியல் தோளைத் தொட்டாள்.

"கண்ணு, குழந்தைங்க தொந்தரவு தாங்கல. பக்கத்து ரூம்ல அவங்களோட உக்காருறியா? உனக்கு நல்லா வருமே."

அன்றிலிருந்து ஏவிஸ் பக்கத்து அறையில். பெரியவர்கள் அந்தப் பக்கம் மௌனத்தில் இருக்க, இவள் இந்தப் பக்கம் நோவாவின் பேழைக்கு ஒட்டகம் வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பாள். கடைசிப் பத்து நிமிஷத்துக்குக் குழந்தைகளைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்து கதவோரப் பெஞ்சில் உட்காருவாள். மூக்கைத் துடைத்து, காலை ஆட்டாதே என்று முறைத்து முடிப்பதற்குள் மூப்பர்கள் கை குலுக்கிவிடுவார்கள். இத்தனை வருஷமும் அந்தச் சபையின் மௌனத்தில் அவளுக்குக் கிடைத்தது அந்த வால் துண்டுதான். அவளுக்குள்ளும் ஏதாவது சொல் வரலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. கெட்ட எண்ணத்தால் அல்ல. தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் ஜூன் மாதம் அந்தக் கூட்ட வீட்டில் ஒரு கல்யாணம். குவேக்கர் கல்யாணத்தில் தாலி கட்டி வைக்கவோ மந்திரம் சொல்லவோ ஆளில்லை. எல்லோரும் மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் தாங்களாக எழுந்து, கையைப் பிடித்துக்கொண்டு, நண்பர்களே, இவரை என் துணையாக ஏற்கிறேன் என்று சொல்ல வேண்டும். வந்திருப்பவர்கள் அத்தனை பேரும் சாட்சி. அன்று எல்லோரும் போன பிறகு ஏவிஸ் கூட்டிப் பெருக்கினாள். கான்ஸ்டன்ஸ் பூட்டுவதற்காகத் தங்கியிருந்தாள். வேலை முடிந்ததும் இரண்டு பேரும் ஜன்னலோரப் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார்கள். வெயில் தரையில் விழுந்திருந்தது. திடீரென்று கான்ஸ்டன்ஸ் எழுந்து ஏவிஸின் கையைப் பிடித்தாள்.

"நண்பர்களே," என்றாள் காலி அறையைப் பார்த்து. "இந்த ஏவிஸை என் துணையா ஏத்துக்கறேன். உயிர் இருக்கிறவரைக்கும் அன்பா, உண்மையா இருப்பேன்."

ஏவிஸ் சுற்றிப் பார்த்தாள். "எந்த நண்பர்கள்? தொடப்பக்கட்டையும் நானும்தான் இருக்கோம்."

"விளையாடாத ஏவி. உன் முறை. எந்திரி."

ஏவிஸுக்குக் கால் எழவில்லை. உண்மையாகவே எழவில்லை. உட்கார்ந்தபடியே, முகத்தைக் கீழே போட்டுக்கொண்டு, அதே சொற்களைச் சொன்னாள். பாதி வாய்க்குள்ளேயே போயிற்று.

"எந்திரிச்சுச் சொல்லணும்டி. உக்காந்து சொன்னா செல்லாது."

"உனக்குக் கேட்டுச்சுல்ல? போதும் போ."

பிறகு சமையலறையில் நின்றுகொண்டு யாரோ கல்யாணத்தில் மிஞ்சிய கேக்கைத் தின்றார்கள். அதற்கப்புறம் சண்டை வரும்போதெல்லாம் கான்ஸ்டன்ஸ், "நீ பாதிக் கல்யாணம்தான் பண்ணியிருக்கே, பேசாம இரு" என்பாள். ஏவிஸ், "மீதிப் பாதிக்குச் சாட்சி கொண்டா, பண்ணிக்கறேன்" என்பாள். சாட்சி கொண்டுவர முடியாது என்று இருவருக்கும் தெரியும். அதனால் அந்தச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

எண்பத்துமூன்றாம் வருஷம் இலையுதிர்காலத்தில் கான்ஸ்டன்ஸுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். அறுப்பதற்கில்லை என்றும் சொன்னார்கள். கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு ஏவிஸ் பக்கத்தில் உட்கார்ந்தாள். எத்தனையோ பேர் பக்கத்தில் உட்கார்ந்தவள். அத்தனை பேரிடமும் கற்றது இந்த ஒருத்திக்கு உதவவில்லை. பின்னல் ஊசியைக் கையில் எடுத்தால் கண் மறைத்தது. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

கிறிஸ்துமஸ் கழிந்த ஒரு மத்தியானம் கான்ஸ்டன்ஸ் கூப்பிட்டாள்.

"ஏவி."

"தண்ணியா?"

"இல்ல. நான் போனப்புறம் கூட்டம் வைப்பாங்க."

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?"

"அப்புறம் பேச முடியாது, அதுக்குத்தான். நைஜல் பேசுவான். நீளமாப் பேசுவான், அவங்க அப்பன் மாதிரி. அது முடிஞ்சதும் நீ எந்திரிச்சுச் சொல்லணும்."

"என்னத்தை?"

"தெரியாத மாதிரி கேக்காத. அன்னிக்கு உக்காந்துகிட்டு முணுமுணுத்தியே, அதை."

ஏவிஸுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இத்தனை வருஷமா வாயைத் தொறக்காதே தொறக்காதேன்னது யாரு? நானா?"

"நான்தான். பயந்தாங்கொள்ளி நான்தான். இனிமே யாரு என்னை வேலையை விட்டுத் தூக்கப் போறா?"

"நீ பாட்டுக்குப் போயிடுவே. நான்தானே இந்த ஊர்ல இருக்கணும்."

"அதுக்குத்தாண்டி சொல்றேன்." கான்ஸ்டன்ஸ் மூச்சு வாங்க நிறுத்தினாள். "நீ இங்க இருக்கணும். என் வேலைக்காரியா இருக்கக் கூடாது."

ஏவிஸ் போர்வையைச் சரி செய்தாள். கொஞ்சம் கழித்து, "சரி, சொல்றேன்" என்றாள். "எந்திரிச்சு?" என்றாள் அவள். "எந்திரிச்சுத்தான்" என்றாள் இவள். ஜனவரி கடைசியில் கான்ஸ்டன்ஸ் இறந்தாள். ஏவிஸ் பக்கத்தில்தான் இருந்தாள்.

புதைக்கிற நாள்வரை பாத்திரம் கழுவும்போதும், கேக்குக்கு இஞ்சி இடிக்கும்போதும் ஏவிஸ் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நெருங்கியவர்களுக்குக் கான்ஸ்டன்ஸ் கோனிதான். நண்பர்களே, கோனி தனியா வாழல. நான் அவளுக்கு வேலை பார்க்க வரல. நான் அவ துணை, அவ என் துணை, அந்த ஜன்னலோரப் பெஞ்சுல சொல்லிக்கிட்டோம். இவ்வளவுதான். ஒரு குழந்தைகூட மனப்பாடமாகச் சொல்லிவிடும். அறுபத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு ஒவ்வொரு தடவையும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆனாலும் இந்த முறை உறுதியாக இருந்தாள். வாழ்நாளில் தனக்கென்று அவள் ஆசைப்பட்ட ஒரே காரியம் அது.

பிப்ரவரியில் ஒரு காலை, உறைந்த மண்ணில் கூட்ட வீட்டுக்குப் பின்னால் கான்ஸ்டன்ஸைப் புதைத்தார்கள். பிறகு எல்லோரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். நடுவில் மேஜை, அதன்மேல் ஜாம் பாட்டிலில் வெள்ளைப் பனிப்பூ. முன் பெஞ்சு குடும்பத்துக்கு. நைஜலும் அவன் மனைவியும் அங்கே. மூப்பர்கள் பெஞ்சில் மியூரியலும் காது மந்தமான ஹெரால்ட் ஆம்ப்ளரும். ஏவிஸ் வழக்கம்போலக் கதவோரம். முன்னால் வா என்று யாரும் கூப்பிடவில்லை, அவளும் போகவில்லை. டீ பாய்லரைப் பார்க்க அங்கிருந்துதான் வசதி என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

வெகு நேரம் யாரும் பேசவில்லை. யாரோ ஒருவர் இருமினார். பிறகு நைஜல் எழுந்தான். நாற்பது வயது, நல்ல கோட்டு, நல்ல குரல். வேறு சபைக்காரன். மௌனம் அவனுக்குப் பழக்கமில்லை, அதனால் நிறையப் பேசினான்.

"எங்க அத்தை கல்யாணமே பண்ணிக்கல. பள்ளிக்கூடம்தான் அவங்க குடும்பம். தனியாவே வாழ்ந்தாங்க. அந்தத் தனிமையை ஒரு நாளும் குறையாச் சொன்னதில்ல. ஒரு விஷயத்துல அவங்க குடுத்து வச்சவங்க. அவ்வளவு விசுவாசமான ஒரு வீட்டு ஆள் யாருக்குக் கிடைக்கும்? மிஸ் ஹோல்ராய்ட், எங்க குடும்பமே உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கு."

அவன் திரும்பி அவளைப் பார்த்துத் தலையசைத்தான். எல்லோரும் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார்கள். ஏவிஸும் புன்னகைத்தாள். புன்னகைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. ஏப்ரனைக் கழற்றிவிட்டு வந்திருந்தும் கை அதைத் தேடியது.

இப்போதே எழுந்து சொல்லியிருக்கலாம். ஆனால் ஒருவர் பேசி முடித்த உடனே அடுத்தவர் எழக் கூடாது. பேசியவரின் சொல் உள்ளே இறங்க இடம் விட வேண்டும். அந்தச் சபையில் இது கண்டிப்பு. ஏவிஸ் இடம் விட்டாள். அந்த இடைவெளி முடிகிற நேரம் பார்த்துப் பழைய மாணவி ஒருத்தி எழுந்தாள். லீட்ஸில் டாக்டராம். மார்ஸ்டன் டீச்சர் இல்லையென்றால் நான் இல்லை என்றாள். அவளுக்கும் இடம் விட்டாள். பிறகு நீதிமன்றத்தில் கூட உட்கார்ந்த பெரியவர் எழுந்து கான்ஸ்டன்ஸின் கோபத்தைப் பற்றிச் சொன்னார். மெல்லிய சிரிப்பு எழுந்து அடங்கியது. அவருக்கும் இடம் விட்டாள். பிறத்தியாருக்கு இடம் விடுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

பிறகு ஒரு நல்ல மௌனம் வந்தது. ஆழமாக, யாரும் அசையாமல். ஏவிஸுக்கு நடுக்கம் எடுத்தது.

முதலில் முழங்கால். பிறகு கைகள். நெஞ்சு அடித்த அடியில் பக்கத்து ஆளுக்குக் கேட்டுவிடும் என்று பயந்தாள். சொல் வரும்போது உடம்பு நடுங்கும் என்பது அந்தச் சபையில் எல்லோருக்கும் தெரியும். முந்நூறு வருஷத்துக்கு முன் ஊரார் அவர்களைக் கேலி செய்து குவேக்கர், அதாவது நடுங்கிகள் என்று பெயர் வைத்ததே அதனால்தான், அந்தப் பெயர்தான் இன்றும் நிற்கிறது. அந்த அறையில் வேறு யார் கால் அப்படி ஆடியிருந்தாலும் மியூரியல் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்திருப்பாள். அது சாயங்காலம்வரை ஆனாலும் காத்திருந்திருப்பாள்.

ஏவிஸ் இரண்டு கைகளாலும் தனக்கு முன்னாலிருந்த பெஞ்சின் முதுகைப் பற்றினாள். காலணி தரையில் சரசரத்தது. கோனி, எந்திரிக்கிறேன் பாரு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். எதிரே இருந்து மியூரியல் அவளைப் பார்த்தாள். மியூரியலின் முகத்தில் அவ்வளவு இரக்கம். ஏவிஸ் உடம்பைத் தூக்கினாள். பெஞ்சை விட்டு எழுந்தாள். நண்பர்களே என்று சொல்ல வாயும் திறந்துவிட்டது.

மியூரியல் திரும்பி ஹெரால்ட் ஆம்ப்ளரின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

கூட்டம் முடிந்தது. அறை முழுக்கப் பெருமூச்சும் கோட்டுச் சலசலப்புமாக எல்லோரும் எழுந்தார்கள். ஒருவருக்கொருவர் கை கொடுத்தார்கள். ஏவிஸ் நின்றுகொண்டுதான் இருந்தாள். ஆனால் எல்லோருமே நின்றுகொண்டிருந்தார்கள். பக்கத்திலிருந்த தபால்காரர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, "அருமையான கூட்டம்" என்றார். "ஆமாம்" என்றாள் ஏவிஸ்.

மியூரியல் அறிவிப்புச் சொன்னாள். டீ தயார். பன்றித் தொடைக்கறி சாண்ட்விச் இருக்கிறது. இஞ்சி போட்ட பார்க்கின் கேக் ஏவிஸ் செய்தது, கான்ஸ்டன்ஸுக்குப் பிடித்த பக்குவத்தில். வந்தவர்களுக்கு ஏவிஸ் சார்பிலும் நன்றி.

சமையலறையில் பாய்லர் இரைந்துகொண்டிருந்தது. ஏவிஸ் கோப்பைகளை அடுக்கினாள். கோப்பைகள் தட்டில் கிலுகிலுத்தன. மியூரியல் உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள்.

"பார்த்தேன் கண்ணு. உன் கால் எப்படி ஆடுச்சு. ஐயோ பாவம், அழப் போறா, அழுதுகிட்டே வெளிய ஓடப் போறா, இத்தனை பேர் முன்னாடி அப்படி ஆச்சுன்னா அவ தாங்க மாட்டாளேன்னு, சட்டுனு ஹெரால்ட் கையைப் பிடிச்சுட்டேன். நேரம் இன்னும் இருந்துச்சு. கோனி இருந்தா என்னைக் கிழிச்சிருப்பா."

ஏவிஸ் அவள் தோளிலிருந்து முகத்தை எடுத்தாள். "நான் அழப் போகல, மியூரியல்."

"அழுதா என்ன, தப்பா?"

"பேசப் போனேன்."

மியூரியலின் கை அவள் முதுகில் அப்படியே நின்றது.

"நீயா?"

கேலி இல்லை அதில். துளிகூட இல்லை. கேலியாக இருந்திருந்தால் ஏவிஸ் தாங்கியிருப்பாள், திருப்பிக் கொடுக்கவும் கொடுத்திருப்பாள். வெறும் ஆச்சரியம். வீட்டு நாற்காலி வாய் திறந்து பேசினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு ஆச்சரியம்.

"சொல்லேன் கண்ணு. என்ன பேசப் போனே? என்கிட்ட சொல்லு."

ஏவிஸ் பரிமாறும் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அந்த டாக்டர் பெண், நீதிமன்றப் பெரியவர், நைஜல், தபால்காரர், எல்லோரும் சாண்ட்விச்சோடு பேசிக்கொண்டிருந்தார்கள். மௌனம் எங்கேயும் மிச்சமில்லை. இந்தச் சமையலறையில், இந்த இரைச்சலுக்கு நடுவே, மியூரியல் காதில் மட்டும் சொல்லலாம். சொன்னால் அது இரகசியமாகிவிடும். நாளைக்கு மியூரியல் அதை மிகுந்த அன்போடு, யாரிடமும் சொல்லாதே என்று நாலு பேரிடம் சொல்லுவாள். கோனி கேட்டது அதையல்ல. எழுந்து நின்று, எல்லோர் முன்னாலும், எல்லோரும் பேசாமல் இருக்கும்போது. அந்த நேரம் போய்விட்டது. இன்னொரு கூட்டம் கான்ஸ்டன்ஸுக்கு வைக்க மாட்டார்கள். அது தெரிந்தபோது ஏவிஸுக்கு உடம்பே காலியானது போல இருந்தது.

"எல்லாருக்கும் நன்றி சொல்லலாம்னு பார்த்தேன்," என்றாள்.

"அட, அதை நான் உன் சார்புல சொல்லிட்டேனே!" மியூரியலுக்கு உயிர் வந்தது.

அப்போது நைஜல் ஜன்னல் வழியே காலிக் கோப்பையை நீட்டினான். கண் சிவந்திருந்தது. அத்தைமேல் உண்மையாகவே பிரியம் உள்ளவன்.

"மிஸ் ஹோல்ராய்ட், வீட்டைப் பத்தி நீங்க கவலையே பட வேண்டாம். எவ்வளவு நாள் வேணும்னாலும் உங்க ரூம்ல நீங்க இருங்க. அத்தை சாமானையெல்லாம் பிரிச்சு அடுக்க மட்டும் கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்க. எது எங்க இருக்குன்னு உங்களுக்குத்தான் தெரியும்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான். "அப்புறம், அத்தை ஞாபகமா உங்களுக்கும் ஏதாவது ஒண்ணு எடுத்துக்கங்க. கூச்சப்படாதீங்க. எது பிடிச்சிருக்கோ."

"ரொம்ப நன்றி, நைஜல்" என்றாள் ஏவிஸ். அவன் கோப்பையில் டீ ஊற்றினாள். பால் சேர்த்தாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

அவன் போனதும் மியூரியல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பார்த்தியா, எவ்வளவு நல்ல பிள்ளை. எல்லாருக்கும் இப்படிக் கிடைக்குமா?" மூலையிலிருந்த நாற்காலியை இழுத்து ஏவிஸுக்குப் பின்னால் போட்டு, இரண்டு தோளிலும் கையை வைத்து மெல்ல அமுக்கினாள். "உக்காரு கண்ணு. காலையிலேர்ந்து நின்னுகிட்டே இருக்கே."

ஏவிஸ் உட்கார்ந்தாள்.